கை நனைப்பதற்கு முன்

உடையார்பாளையம்
28-1-2025

என் அருமைத் தங்கை பானுவுக்கு,

அக்கா ஜெயசுதா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் சுகம். உனக்குச் சளி விட்டதா? ஹாஸ்டலில் வெந்நீர் கொடுக்கிறார்களா, இல்லை பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறாயா?

இந்தக் காலத்தில் அக்கா தங்கைக்குக் கடிதம் போடுகிறாள் என்றால் தபால்காரரே சிரிப்பார். என்ன செய்வது, உன் போன் ஒரு வாரமாக அணைந்து கிடக்கிறது. ஆனால் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு என் போன் அடிப்பது மட்டும் நிற்கவில்லை.

முதலில் ஒரு பெண் பேசினாள். "மேடம், பானுப்ரியா உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். தங்கச்சி என்றேன். "அவங்க தவணையில எடுத்த மொபைலுக்குப் பணம் கட்டல மேடம், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றாள், அவ்வளவு மரியாதையாக. மறுநாள் ஓர் ஆள் பேசினான். அவன் வாயில் மேடம் எல்லாம் வரவில்லை. "ஒந் தங்கச்சிக்கு வாங்கத் தெரியுது, கட்டத் தெரியாதா? மாப்ள பாக்குறீங்களாமே, அங்கயும் சொல்லிடட்டுமா?" என்றான். சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதிக்கிறது, நான் கையில் கரண்டியோடு நிற்கிறேன். எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நம் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பது வரைக்கும் எப்படியடி தெரிந்தது?

பொங்கல் முடிந்து ரஞ்சன்குடிக்காரர்கள் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று உன் கையில் இருந்தது பழைய பட்டன் போன்தான். நானே பார்த்தேன். அப்படியானால் அந்தப் பெரிய போன் எங்கே? யாருக்கு வாங்கிக் கொடுத்தாய்? மனசில் எவனாவது இருக்கிறானா? இருந்தால் இப்போதே சொல்லிவிடு, அடிக்க மாட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா புஷ்பவல்லி எப்பேர்ப்பட்ட மனுஷி என்று நீயே பார்த்தாய். கேசரி வைத்தோம், காப்பி வைத்தோம், தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தொடவில்லை. "சம்பந்தம் முடிவாகட்டும், அப்பறம் கை நனைக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். பேசி முடிவாகாத வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத வம்சம் அது. முத்தமிழ்செல்வனைப் போல ஒரு பையன் நமக்கு இன்னொரு தடவை அமைய மாட்டான். இந்த விஷயம் மட்டும் அந்த அம்மாள் காதுக்குப் போனால் உன் கல்யாணம் அதோடு சரி.

பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுது. உன் மாமாவுக்குத் தெரிய வேண்டாம். பாவம், அவருக்கு ஆலையில் ஆயிரம் தொல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
ஜெயசுதா


பெரம்பலூர்
4-2-2025

பாசமுள்ள அக்காவுக்கு,

பானு எழுதுவது. சளி விட்டுவிட்டது. வெந்நீருக்கு வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் கிடைக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமா நன்றாக இருக்கிறாரா?

எவனும் இல்லை அக்கா. முதலில் அதை நம்பு. போன் என் பெயரில்தான் இருக்கிறது. என் ஆதார், என் கையெழுத்து. அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

தொல்லை தாங்காமல் சிம்மைக் கழற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். உடனே எங்கள் ஜவுளிக்கடைக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக வருகிறது. நேற்று முதலாளியிடம், "இன்னைக்குப் பூ வைக்காம வந்திருக்கே ஒரு பொண்ணு, அதைக் கூப்பிடுங்க" என்றார்களாம். தலையைத் தொட்டுப் பார்க்கிறேன், அன்றைக்கென்று பூ வைக்கவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து யார் பார்த்தார்கள் என்று இன்னும் தெரியவில்லை. நான் ஹாஸ்டல் மாறியது உனக்கே பொங்கலுக்கு வந்தபோதுதான் தெரியும். அவர்களுக்கு மார்கழியிலேயே தெரிந்திருக்கிறது. சாமிகூட என்னை இவ்வளவு கவனித்திருக்காது.

இப்போது நேரில் ஓர் ஆள் வருகிறார். கோகுலகிருஷ்ணன் என்று பெயர், சட்டையை உள்ளே விட்டு, தோளில் பை மாட்டிக்கொண்டு, பார்த்தால் ஸ்கூல் சார் மாதிரி. சேலைப் பிரிவில் வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறார். "நான் கத்த மாட்டேங்க. உக்காந்திருப்பேன், அவ்ளோதான்" என்றார். சொன்னபடியே உட்கார்ந்திருக்கிறார். கடையே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. அவர் கத்தியிருந்தால் தேவலை.

ரஞ்சன்குடிக்கு ஒன்றும் தெரிந்திருக்காதே? அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

உன்,
பானு


உடையார்பாளையம்
12-2-2025

பானு,

சுகம்தான், சுகத்துக்கு என்ன குறைச்சல். முழங்காலில் தைலம் போடுகிறேன்.

நீ எழுதியதைப் படித்து எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்க மறந்து, பாதிப் பேர் கை கழுவிய பிறகு கூப்பிட்டுக் கொடுத்தேன். கேட்காதே என்றால் என்ன அர்த்தம்? உன்னை வளர்த்தவள் கேட்காமல் ஊரில் வேறு யார் கேட்பது?

இன்னொன்று கேள். உன் மாமாவோடு ஆலையில் லாரி எடை போடுகிற அமாவாசை அண்ணனுக்கும் அந்தத் தவணைக்காரர்கள் உன்னைக் கேட்டுப் பேசியிருக்கிறார்கள். ஆட்டு வியாபாரி செல்லக்கண்ணுவுக்கும் பேசியிருக்கிறார்கள். அமாவாசை அண்ணன் நம்பர் உன் போனில் எதற்கடி? நீ ஜவுளிக்கடையை விட்டுவிட்டு ஆடு வாங்கி விற்கப் போகிறாயா?

அமாவாசை அண்ணன் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டார். மறைத்தது அத்தனையும் வீணாகிவிட்டது. உன் மாமா முகம் கறுத்துப் போய்விட்டது. "சின்னப் புள்ள, ஏதோ தெரியாமப் பண்ணிட்டா, விடு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, பார்த்துக்கொள். இந்த மனுஷனையா நீ நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கிறாய்?

அவருக்கும் நேரம் சரியில்லை. தீபாவளிக்கு ஒப்பந்தக்காரர் கொடுத்தாரே பச்சைக் கலரில் பெரிய போன், அது தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டதாம். திறக்கவே மாட்டேன் என்கிறதாம். தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்றார். நான் விடுவேனா? நனைந்த போனை அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருக்கிறார். அவர் கையிலிருந்து பிடுங்கி, அரிசி டிரம்மில் முழங்கை வரைக்கும் விட்டு அடியில் புதைத்துவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று கூடவே வந்தார். நமக்காக ஒரு பொருளைப் பத்திரப்படுத்தக்கூட அந்த மனுஷனுக்குக் கூச்சம்.

உடனே பதில் எழுது. மழுப்பாமல் எழுது.

ஜெயசுதா


பெரம்பலூர்
26-2-2025

அன்பான அக்காவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்காலுக்கு டாக்டரைப் பார், தைலத்தை நம்பிக்கொண்டிருக்காதே. மாமாவின் போன் அரிசியிலேயே இருக்கட்டும். அவசரப்பட்டு எடுக்காதே, ஈரம் போக நாளாகும்.

ஞாயிற்றுக்கிழமை ஓர் அதிசயம் நடந்தது. மத்தியானம் கடையில் நிமிர்ந்து பார்க்கிறேன், எதிரே ரஞ்சன்குடி அத்தை நிற்கிறார். தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறார். "துண்டு ரெண்டு எடுக்கணும்மா" என்றார். துண்டு எடுக்க யாராவது சேலைப் பிரிவுக்கு வருவார்களா அக்கா? எனக்கு வியர்த்து ஊற்றுகிறது. உட்காரச் சொல்லி, பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னேன். டம்ளரைத் தொடவில்லை. "இன்னும் கை நனைக்கலியேம்மா" என்று ஓரமாக வைத்துவிட்டார். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

நான் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே, "அந்த டீயக் குடும்மா" என்று கேட்டு வாங்கினார். ஆறி, மேலே ஆடை படிந்துவிட்டது. வேறு வாங்கித் தருகிறேன் அத்தை என்றேன். "இதுவே போதும்" என்று ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். துண்டு எடுக்கவே இல்லை.

அக்கா, அந்த அம்மாள் நடந்து போனதைக் கடை வாசல் வரை வந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ரோட்டில் லாரி வருகிறது, பஸ் வருகிறது. ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குறுக்கே போகிறார். எல்லாம் நிற்கின்றன.

உன்,
பானு


உடையார்பாளையம்
6-3-2025

என் தங்கமே,

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். உன் கடிதத்தைப் படித்து, அழுது, மறுபடி படித்தேன். குடித்துவிட்டாரா! அடி பைத்தியக்காரி, அது டீ இல்லை, சம்மதம். உன் கையால் வாங்கிக் குடித்துவிட்டார் என்றால் அந்த அம்மாள் மனசில் நீ மருமகள் ஆகிவிட்டாய்.

அதற்கேற்ற மாதிரி ரஞ்சன்குடியிலிருந்து சேதியும் வந்துவிட்டது. பங்குனி கழியட்டும், சித்திரையில் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுக் கை நனைத்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள். ஏப்ரல் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நம் பக்கத்தில் நானும் உன் மாமாவும் சித்தப்பா வீட்டாரும் போகிறோம். வழக்கப்படி நீ வரக்கூடாது. முதல் இலை எனக்குத்தான். நான் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். நான் சாப்பிட்டு எழுந்தால் சம்பந்தம் உறுதி.

அதற்குள் இந்தப் போன் சனியனைத் தொலைத்தாக வேண்டும். என் ஜிமிக்கியை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். அரியலூரில் கேட்டு வைத்திருக்கிறேன். உன் மாமா ஒன்றும் சொல்ல மாட்டார். இப்போதெல்லாம் அவர் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை, சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்கிறார். உன் கவலைதான்.

அந்த அம்மாள் அறியாமல் இது முடிய வேண்டும். அறிந்தால் குடித்த டீயைத் துப்பிவிட்டுப் போவார்.

நல்ல எண்ணெய் தேய்த்துக் குளி. முகம் தெளிவாக இருக்க வேண்டும்.

அக்கா


பெரம்பலூர்
17-3-2025

அக்கா,

வணக்கம். நான் சுகம். கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஜிமிக்கியைக் கழற்றாதே. அது அம்மாவுடையது. இந்தப் போனுக்காக நீ ஒரு ரூபாய் கொடுத்தாலும் எனக்குத் தாங்காது. நீ மட்டும் கொடுக்கவே கூடாது. சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நானே கட்டிக்கொள்கிறேன்.

கோகுலகிருஷ்ணன் இப்போது கடைக்குள் வருவதில்லை. ஏன் என்று கேட்காதே. பஸ் ஸ்டாண்டில் பார்த்தார். "அந்த போனை ஒரே ஒரு தடவ கண்ணுல காட்டுங்க. எடுத்துக்கிட்டுப் போயிடறேன், அப்பறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்றார். நான் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட அது இல்லீங்க. எனக்குத் தெரியும். யாருகிட்ட இருக்குன்னு ஒரு பேரு மட்டும் சொல்லுங்க, நான் அங்க போயி உக்காந்துக்கறேன்" என்றார்.

ஒரு பெயர்தான். சொல்லியிருந்தால் அன்றைக்கே எனக்கு விடிந்திருக்கும். நான் என் பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டேன். வாலிகண்டபுரத்தில் இறங்கி, கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். எத்தனை பேர் எத்தனை பாரத்தை அதன் கீழே இறக்கி வைத்திருப்பார்கள், அது அப்படியே நிற்கிறது. மனசு லேசாகிவிட்டது.

உன் முழங்காலைக் கவனி. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

பானு


உடையார்பாளையம்
3-4-2025

பானு,

அரிசி தீர்ந்துகொண்டு வந்தது. டிரம்மைச் சாய்த்து அள்ளும்போது போன் கையில் தட்டுப்பட்டது. ஒரு சொட்டு ஈரம் பட்ட அடையாளம் இல்லை. சந்தோஷத்தில் சார்ஜ் போட்டேன். திரையில் வெளிச்சம் வந்தது.

தவணை கட்டாததால் பூட்டப்பட்டது என்று எழுதியிருக்கிறது. கீழே வாடிக்கையாளர் பெயர் என்று போட்டு உன் பெயர் இருக்கிறது.

அமாவாசை அண்ணன் நம்பர் யார் போனில் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவரிடம் நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்து, மேலே புது மூட்டையைக் கொட்டிவிட்டேன். அந்த அரிசியைத்தான் இரண்டு வேளையும் அளந்து உலையில் போடுகிறேன். அவரும் சாப்பிடுகிறார், நானும் சாப்பிடுகிறேன்.

உன்னைப் போய் எவன் என்று கேட்டேனே.

ஜெயசுதா


பெரம்பலூர்
8-4-2025

என் அக்காவுக்கு,

அழாதே. அழுதிருப்பாய் என்று தெரியும், இனி அழாதே. நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஐப்பசியில் மாமா கடைக்கு வந்தார். அவர் பெயரில் பழைய பாக்கி ஏதோ இருப்பதால் தவணையில் போன் தர மாட்டோம் என்றார்களாம். "ஒம் பேருல எடுத்துக் குடு பானு, மாசாமாசம் நான் கட்டிடறேன், அக்காவுக்குத் தெரிய வேணாம்" என்றார். எடை மேடையில் எல்லோரும் பெரிய போன் வைத்திருக்கிறார்களாம், இவர் பழைய போனை எடுத்தால் சிரிக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது சின்னப் பையன் மாதிரி இருந்தார். எனக்குக் காலேஜுக்குப் பணம் கட்டியவர் அவர். முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்கிறார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒரு தவணை கட்டினார். அப்புறம் முடியவில்லை. கேட்டால், அடுத்த மாதம் என்றார். அப்புறம் நான் கேட்கவில்லை.

அக்கா, உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ரஞ்சன்குடியில் வாயைத் திறக்காதே. பெண்ணை வளர்த்தவரே பெண் பெயரில் கடன் வாங்கி ஏமாற்றினார் என்று சபையில் தெரிந்தால் மாமா அதற்கப்புறம் நிமிர்ந்து நடக்க முடியாது. அவர் நிமிராவிட்டால் உன் வீடு என்ன ஆகும்? என் கல்யாணமும் நின்றுபோகும். சாப்பிட்டுவிட்டு வந்துவிடு. உன்னால் முடியும்.

உன் பிள்ளை மாதிரி கேட்கிறேன்.

பானு


உடையார்பாளையம்
21-4-2025

பானுவுக்கு,

நேற்று ரஞ்சன்குடிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பெரம்பலூரில் பஸ் நின்றது. ஜன்னல் வழியே உன் கடை தெரிந்தது. இறங்கியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது.

உன் பேச்சைக் கேட்பதாகத்தான் போனேன். சத்தியமாக அப்படித்தான் போனேன். உன் மாமாவிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கிளம்பும்போது என்னை அறியாமல் டிரம்மில் கையை விட்டு, அந்தப் போனை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நல்ல வீடு. பின்பக்கம் நின்றால் கோட்டைச் சுவர் முழுசாகத் தெரிகிறது. கூடத்தில் பாய் விரித்து இலை போட்டார்கள். எனக்கு முதல் இலை, பக்கத்தில் உன் மாமா. சாதம் வைத்து, பருப்பு ஊற்றி, நெய்யும் விட்டாயிற்று. புஷ்பவல்லி அம்மாள் எதிரே நின்று, "சாப்பிடுங்க" என்றார். எல்லோரும் என் கையைப் பார்க்கிறார்கள்.

கை போகவில்லை பானு. வெள்ளைச் சோறு. அதைப் பார்க்கப் பார்க்க, இத்தனை நாளும் நான் அளந்து போட்ட அரிசியும் அதன் அடியில் கிடந்ததும்தான் கண்ணுக்குள் நிற்கிறது. சித்தி என் முழங்கையை இடிக்கிறாள்.

பையைத் திறந்து போனை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது எங்க வூட்டு போனுங்க. எந் தங்கச்சி பேருல வாங்குனது எங்க வூட்டுக்காரரு. கட்டாம வுட்டதும் அவருதான். அந்தப் புள்ள ஊரெல்லாம் பேச்சு வாங்கிக்கிட்டு யாரு பேரையும் சொல்லல. இத மறைச்சு வச்சுக்கிட்டு ஒங்க சோத்துல நான் கை வைக்க மாட்டேங்க. இதுக்கு மேல ஒங்க இஷ்டம்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. உன் மாமா தலை இலையைத் தொடுகிற மாதிரி கவிழ்ந்துவிட்டது.

அந்த அம்மாள் குனிந்து போனைப் பார்த்தார். "தெரியும்" என்றார்.

"தை மாசமே எனக்குப் பேசிட்டானுவ. பொண்ணு பச்சைக் கலர் போன வாங்கிட்டு ஏமாத்துதுன்னு சொன்னான். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்களையெல்லாம் நிக்க வச்சு போட்டோ புடிச்சது அந்தப் பச்சைப் போன்தான். புடிச்சது உங்க வூட்டுக்காரரு. பொண்ணு கையில இருந்தது பட்டன் போனு. எனக்கென்ன கண்ணு இல்லியா?"

பானு, நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறேன். தையில் தெரிந்துகொண்டு, மாசியில் உன்னைப் பார்க்க வந்து, அந்த மாசமே நாளும் குறித்து, சித்திரையில் எனக்குச் சோறு போட்டுவிட்டு நிற்கிறார். இத்தனை நாளில் ஒரு சொல் வெளியே வரவில்லை. நாம் யாரிடமிருந்து மறைக்க இந்தப் பாடு பட்டோமோ அவருக்குத்தான் எல்லாம் முதலில் தெரிந்திருக்கிறது. அப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததே இல்லை. அந்த நிமிஷம் பின்னால் தெரிந்த கோட்டைகூட எனக்குச் சின்னதாகத்தான் தெரிந்தது.

உன் மாமா தலை நிமிராமலே, "கட்டிடறேங்க, சீக்கிரமே கட்டிடறேன்" என்றார். "எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அந்தப் புள்ளகிட்ட போயி சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லலைன்னாலும் நான் பொண்ணு எடுத்திருப்பேன். ஆனா சொன்னீங்க பாருங்க, இனிமே ஒங்க வூட்டுக்கு நான் தலை நிமிர்ந்து வருவேன். ஒந் தங்கச்சிகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடும்மா. எங்க வூட்டுக்கு வந்து யாருக்காகவும் அப்படி வாய மூடிக்கிட்டு நிக்க வேணாம். இப்ப இலையில கை வையி, நெய் உறையுது" என்றார்.

சாப்பிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன். ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டேன்.

கை கழுவும்போது அந்த அம்மாள் மெல்ல, "அந்த டீயைப் பத்தி ஒந் தங்கச்சி சொல்லலியா?" என்று கேட்டார். சொன்னாள் என்றேன். "முழுசாச் சொல்லியிருக்காதே" என்று சிரித்தார். என்னடி அது?

உன் மாமா இந்த வாரம் பெரம்பலூர் வருகிறார். நானும் கூட வரவா என்று கேட்டேன். தனியாகப் போகிறேன் என்றார். அவரைத் திட்டாதே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு எனக்கு ஆயுசு முழுக்க நேரம் இருக்கிறது.

அக்கா,
ஜெயசுதா


பெரம்பலூர்
27-4-2025

அக்காவுக்கு,

பானு எழுதுவது. சிம்மைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துப் போட்டுவிட்டேன். இனி நீ பேசலாம். ஆனாலும் இதை மட்டும் எழுதத்தான் தோன்றுகிறது. உன் முழங்காலுக்கு ஒரு பட்டை மாமாவிடம் கொடுத்தனுப்பினேன், போட்டுக்கொள்.

மாமா வந்தார். நான்தான் கோகுலகிருஷ்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். கடைக்கு எதிரே டீக்கடையில் வைத்து மாமா போனை அவர் கையில் கொடுத்தார். உறையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து நாலைந்து அரிசி உதிர்ந்தது. கோகுலகிருஷ்ணன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மிச்சப் பாக்கியை மாமா கட்டுவதாக எழுதி வாங்கிக்கொண்டார். மாமா என்னிடம், "மன்னிச்சுடும்மா" என்று சொல்ல வந்து, சொல்ல முடியாமல், எனக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

இனி அந்த டீ.

அத்தை டீயை ஓரமாக வைத்ததும், நான் சேலை மடித்ததும் நிஜம்தான். நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். அன்றைக்கும் கோகுலகிருஷ்ணன் வந்தார். அத்தைக்குப் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்தார். யாரென்று தெரியாமல், "உங்களுக்கு இந்தப் பொண்ணத் தெரியுங்களா?" என்று அவரிடமே கேட்டார். அத்தை, "எம் பையனுக்குப் பாத்திருக்கோம்" என்றார். என் கையிலிருந்த சேலை நழுவிக் கீழே விழுந்துவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்படின்னா உங்களுக்கு எங்க ஆபீஸ்லருந்து கால் வந்திருக்குமே" என்றார் அவர்.

"வந்துது."

"வந்துமா இங்க வந்திருக்கீங்க?"

"வந்ததாலதான் வந்தேன்."

அத்தை என் பக்கம் திரும்பி, "அந்த டீயக் குடும்மா" என்றார். கோகுலகிருஷ்ணன் எதிரிலேயே, ஆடை படிந்த அந்த டீயைக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, "நான் கை நனைச்சுட்டேன். இனிமே இது எங்க வூட்டுப் பொண்ணு. கேக்கறது எதுவா இருந்தாலும் ரஞ்சன்குடிக்கு வாங்க, கோட்டைகிட்ட வந்து புஷ்பவல்லி வூடுன்னா யாரும் சொல்லுவாங்க. சாப்பிட்டுட்டுப் பேசலாம். பத்துப் பேரு பாக்குற எடத்துல பொண்ணுக்கு எதுக்க வந்து உக்காராதீங்க" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை அக்கா. சந்தையில் காய் விலை கேட்பது போலத்தான் சொன்னார். ஆனால் அவ்வளவு பெரிய கடையில் எனக்கு வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

அதை உனக்கு எழுத ஆசையாக இருந்தது. எழுதினால் அத்தைக்குத் தெரிந்துவிட்டது என்று நீ உயிரை விட்டிருப்பாய். யார் போன் என்றும் கேட்டிருப்பாய். அதனால் டீயை மட்டும் எழுதினேன்.

இன்னும் ஒன்று உண்டு. அத்தை ரோட்டைக் குறுக்கே கடந்து போவதை நான் வாசலில் நின்று பார்த்தேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? எனக்குப் பக்கத்தில் கோகுலகிருஷ்ணனும் நின்றுகொண்டிருந்தார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவரும் பார்த்துக்கொண்டேதான் நின்றார். அத்தை ஏறிய பஸ் மறைந்த பிறகு என்னைக் கேட்டார், "அவங்க உங்க மாமியாருங்களா?"

அதுவரைக்கும் நான் அந்த வார்த்தையை மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

"ஆமாங்க" என்றேன்.

உன்,
பானு